ரயிஸ் ஷாஸ்லியின் இடது பக்கம்

நைல் ஆற்றின் எஸ்னா மதகுக்குள் கப்பல் நுழைந்தபோதுதான் பரகாத்துக்கு முதல் சந்தேகம் வந்தது.

அந்த மதகில் கப்பலை நுழைப்பதில் தலைமைச் சுக்கான்காரரான ரயிஸ் ஷாஸ்லியை மிஞ்ச லக்சரிலிருந்து அஸ்வான் வரை ஆள் கிடையாது என்பார்கள். கப்பலை உள்ளே விட்டு அடைத்து, தண்ணீரை ஏற்றி மேலாற்றுக்கு அனுப்புகிற தொட்டி அது. இரண்டு பக்கமும் உயரமான சுவர். கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருந்தால் அதிகம். ஷாஸ்லி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்காலியில் சம்மணம் கூட்டி உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே உள்ளே கொண்டுபோய்விடுவார். சுவரில் ஒரு கீறல் விழாது. அன்று இடது பக்கம் உராய்ந்தது. பல் கூசும்படி நீளமான சத்தம். மேல்தளத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த பயணிகள் அதையும் வேடிக்கையில் சேர்த்துக்கொண்டு கைதட்டினார்கள்.

"தண்ணி இழுக்குது," என்றார் ஷாஸ்லி.

அடைத்து வைத்த தண்ணீர் எங்கே இழுக்கும்? அதை பரகாத் கேட்டுவிட முடியாது. ஷாஸ்லி அவனுக்கு மேலாள் மட்டுமல்ல, அவன் அக்கா நாஜியாவின் கணவர். 'ஸஃபிய்யா' என்ற இந்த மூன்றடுக்குக் கப்பலில் இரண்டாம் சுக்கான்காரனாக அவனைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். ஒன்பது வருஷமாக இருவரும் மாறி மாறிச் சுக்கான் பிடிக்கிறார்கள். லக்சரில் ஏறும் பயணிகளை எட்ஃபு, கோம் ஒம்போ என்று கோயில் கோயிலாக நிறுத்தி, நான்காம் நாள் அஸ்வானில் இறக்கிவிட வேண்டும். கடினமான இடமெல்லாம் ஷாஸ்லி கையில். நேரான ஆறு பரகாத் கையில்.

மதகு தாண்டியதும் துணி விற்கிற படகுக்காரர்கள் கப்பலை ஒட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் இடது பக்கத்தில், மிக நெருக்கத்தில், துடுப்பை உயர்த்திக் கத்தினான். வழக்கமாக அவனை நாலு வசவு வைதுவிட்டுச் சுக்கானைத் திருப்புகிற ஷாஸ்லி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பரகாத் தேநீர் ஊற்றினான். வழக்கம்போல் வலப்புறமாகக் கொடுக்காமல், இடப்புறம் போய், அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளிக் கோப்பையை நீட்டினான். கை சுட்டது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்கடா தேத்தண்ணி? ஊத்துற சத்தம் கேட்டுச்சு, குடிக்கிற வழியைக் காணோம். அஸ்வான்ல போய்த்தான் தருவியா?"

"இந்தாங்க மச்சான்," என்று சுற்றி வந்து வலது கையில் கொடுத்தான்.

கப்பலில் எண்பத்தாறு பயணிகள், நாற்பது வேலைக்காரர்கள். ஜனவரி மாதம். அணையில் தண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். ஆறு மெலிந்து, போன வாரம் இல்லாத மணல் திட்டெல்லாம் இந்த வாரம் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் சுக்கான் பிடிக்கிறவருக்கு ஆற்றில் பாதி தெரியவில்லை.

அன்று எட்ஃபு போய்ச் சேரும்வரை பரகாத் இடது பக்கத்து ஜன்னலை விட்டு நகரவில்லை. பேச்சுக் கொடுப்பது போல அவருக்குக் கண்ணாக நின்றான்.

"அந்தக் கழுதையைப் பாருங்க மச்சான், இடது பக்கம், படகைக் குறுக்கே போட்டுட்டுப் புகை பிடிக்கிறான்."

"வாழைத்தோப்புகிட்ட மணல் வெளுத்துத் தெரியுது, பாத்தீங்களா?"

ஒவ்வொரு தடவையும் ஷாஸ்லி "தெரியும், தெரியும்" என்பார். சுக்கான் லேசாக வலப்பக்கம் திரும்பும். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சுக்கு ஒரு தாளமே வந்துவிட்டது. பரகாத் வாய் ஓய்ந்தால் ஷாஸ்லியின் கைவிரல்கள் சுக்கானில் இறுகுவதை அவன் பார்த்தான். அப்படியானால் இவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் ஓட்டுகிறார்.

மறுநாள் காலை எட்ஃபுவில் பயணிகள் குதிரை வண்டிகளில் ஏறிக் கோயிலுக்குப் போனதும், பரகாத் சலவை செய்த நீள அங்கியை, கலாபிய்யாவை, எடுத்துப் போட்டுக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனான். மேலாளர் ரஃபீக் கெய்ரோக்காரர். ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் ஆட்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்.

"உஸ்தாஸ், ஒரு விஷயம் பேசணும். ரயிஸைப் பத்தி."

ரஃபீக் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். "ஒம்பது வருஷம் பொறுத்தே. இப்ப என்ன, மச்சான் நாற்காலி மேல ஆசை வந்துடுச்சா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் பரகாத்துக்கு லக்சர் படித்துறை முழுவதும் அந்தக் கேள்வியைக் கேட்பது போல இருந்தது. காபிக் கடையில் கேட்பார்கள். அக்கா வீட்டுச் சமையலறையில் கேட்பார்கள். அக்கா சத்தம் போட மாட்டாள், கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"இல்ல... அவருக்கு முதுகு வலி. நாற்காலிக்கு ஒரு மெத்தை கிடைக்குமான்னு."

"இதுக்கா இவ்வளவு பீடிகை? வாங்கிக்கலாம், போ."

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கப்பல் கோம் ஒம்போவுக்குக் கிளம்பியது. சில்சிலாவில் இரண்டு பக்கமும் பாறை நெருக்கி ஆறு ஒடுங்குகிற இடத்தைக் கடக்கும்போது பரகாத்துக்குத் தொண்டை வறண்டுவிட்டது, அவ்வளவு பேசினான். பாறை பின்னால் போய், ஆறு மறுபடி அகன்றதும், பெருமூச்சு விட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

அப்போது கீழேயிருந்து குரல் வந்தது. கப்பலின் வாலில் கட்டி இழுத்து வந்த சின்னப் படகின் கயிறு அவிழ்ந்துகொண்டிருக்கிறதாம்.

"நீங்க யாரையாவது அனுப்புங்க மச்சான், நான் இங்கேயே..."

"கயிறு கட்ட வேற யாரு இருக்கா? போடா. ஆறு அகலமாத்தானே கிடக்கு." பிறகு, அவனைப் பார்க்காமல், "சீக்கிரம் வா," என்றார்.

பரகாத் ஓடினான். கயிறு ஈரத்தில் ஊறி முடிச்சு வழுக்கியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. நிமிர்ந்தான். இடது கரையில் பேரீச்ச மரங்கள் இருக்க வேண்டிய தூரத்தில் இல்லை. கிட்டத்தில் இருந்தன. எஞ்சின் சத்தத்துக்கு மேலே தொப், தொப் என்று ஒரு சத்தம். கழியால் தண்ணீரை அடித்து வலைக்கு மீனை விரட்டுகிற சத்தம். அது முன்னால், இடது பக்கம் கேட்டது.

மேல்தளத்தில் மாலைத் தேநீர் நேரம். கேக் தட்டுகளுக்கும் சாய்வு நாற்காலிகளுக்கும் நடுவே பரகாத் விழுந்தடித்து ஓடினான். யாருடைய கோப்பையோ உருண்டது. யாரோ அவர்கள் மொழியில் திட்டினார்கள். சுக்கான் அறைக் கதவை அவன் தள்ளியபோது ஷாஸ்லி நிம்மதியான முகத்தோடு நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடியின் இடது மூலையில் ஒரு பச்சைப் படகு. அதில் ஒரு பெண் துடுப்பை விட்டுவிட்டு எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவள் புருஷன் கழியைத் தூக்கிப் பிடித்திருந்தான், அந்தக் கழியால் கப்பலைத் தடுத்துவிடப் போகிறவன் போல.

பரகாத் ஒன்றும் கேட்கவில்லை. ஷாஸ்லியைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுச் சுக்கானை வலப்பக்கம் முழுக்க ஒடித்து, சங்கொலிப் பொத்தானை அழுத்தினான். கப்பல் யோசித்து யோசித்துத் திரும்பியது. பச்சைப் படகு கண்ணாடியிலிருந்து மறைந்தது. மறைந்து எங்கே போனது என்று தெரியாத அந்த நேரத்தில் அவன் மூச்சே விடவில்லை. பிறகு பக்கவாட்டு ஜன்னலில் அது தெரிந்தது, அலையில் எகிறிக் குதித்துக்கொண்டு, ஆனால் முழுசாக. மறுகணம் அடியில் கரகரவென்று சத்தம். கப்பல் ஒரு குலுக்கலோடு நின்றது. வலப்பக்கத்து மணல் திட்டில் தரை தட்டிவிட்டது.

கீழே தட்டுகள் உடைந்தன. ஆற்றிலிருந்து அந்த மீன்காரன் தொண்டை கிழியக் கத்தினான்: "கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு! ஏய்! கண்ணு அவிஞ்சு போச்சா!"

சுக்கான் அறையில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ரஃபீக் மூச்சிரைக்க ஏறி வந்தார். "யாருக்காவது அடியா? இல்லையா? சரி. என்ன நடந்துச்சு? யார் கையில சுக்கான்?"

பரகாத் ஷாஸ்லியைப் பார்த்தான். அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"பரகாத் கையில," என்றார்.

அது பொய்யில்லை.

இழுவைப் படகு வந்து கப்பலை மணலிலிருந்து எடுக்க இரண்டு மணி நேரமானது. பொழுது சாயும் நேரத்தில் கோம் ஒம்போ கரையில் கட்டினார்கள். பயணிகள் ஒன்றும் நடக்காதது போல மேட்டுக் கோயிலுக்கு ஏறிப் போனார்கள். ரஃபீக் ஒரு தாளை நீட்டினார். இரண்டாம் சுக்கான்காரர் பரகாத்தின் கவனக்குறைவால் என்று ஆரம்பித்திருந்தது. கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போதே அக்காவின் அழைப்பு வந்தது.

"கப்பலை மணல்ல ஏத்திட்டியாமே? அவர் சொன்னார். எங்கடா பராக்குப் பாத்துட்டிருந்தே? உன்னாலே அவர் மரியாதையும் சேர்ந்து போகுமேடா."

"அக்கா..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்பிட்டியா?"

அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பெண் இரண்டு கையையும் ஆட்டினாள்.

விடிந்ததும் ஷாஸ்லி சுக்கான் அறைக்கு வந்தபோது பரகாத் கதவை மறித்து நின்றான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் கயிற்றை அவிழ்க்க ஆட்கள் காத்திருந்தார்கள்.

"நகருடா. நேரமாச்சு."

"தலையைத் திருப்பாமச் சொல்லுங்க மச்சான். இடது பக்கம் என்ன இருக்கு?"

"என்னடா இது, காலங்காத்தால விளையாட்டு?"

"சொல்லுங்க."

ஷாஸ்லி நேராகப் பார்த்தார். "ஆறு இருக்கு. வேற என்ன இருக்கும்?"

"ஒரு கப்பல் நிக்குது. மூணு மாடி. கையை நீட்டினா தொடலாம்."

ஷாஸ்லி மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். அந்தக் கப்பலின் ஜன்னலில் ஒரு வெள்ளைக்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஷாஸ்லி தலைப்பாகையை அவிழ்த்து, மறுபடி கட்ட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

"போன ரமலான்லேர்ந்து," என்றார். "முதல்ல ஓரத்துல கறுப்பா ஒரு நூல் மாதிரி. அப்புறம் திரை மாதிரி. இப்ப இடது கண்ணு மொத்தமா மூடிடுச்சு. ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குதுடா. ஒரு வருஷம் ஓட்டிடலாம்னு பாத்தேன்."

"நேத்து அந்தப் பொம்பளை செத்திருப்பா."

"தெரியும்."

"என்னைச் சொல்லிட்டீங்க."

"வாய் தன்னால சொல்லிடுச்சு. சொன்னப்புறம் திருப்பி விழுங்க முடியலை." அவர் குரல் இறங்கியது. "நீ ஓட்டு. லக்சர் போற வரைக்கும் நீயே ஓட்டு, நான் சும்மா உக்காந்திருக்கேன். யாருக்கும் தெரிய வேண்டாம். அதுக்கப்புறம் டாக்டர்கிட்ட போறேன், வல்லாஹி, சத்தியமா."

பரகாத்துக்குச் சரி என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. சொன்னால் அக்கா முகம் அப்படியே இருக்கும். ஆனால் லக்சர் போனதும் அடுத்த கூட்டம் ஏறும். அதற்கடுத்த கூட்டமும் ஏறும். இவர் இன்னும் ஒரே ஒரு தடவை என்பார்.

"நான் போய்ச் சொல்லப் போறேன் மச்சான்."

அவன் படியில் கால் வைத்தபோது ஷாஸ்லி அவன் சட்டைக் கையைப் பிடித்தார். "நீ சொல்லாதே. நீ சொன்னா ஊரு உன்னை மென்னு துப்பிடும். நான் போறேன்."

அவர் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினார். பரகாத் மேலேயே நின்றான். கால் மணி நேரம் ஆனது. கரையிலிருந்து ஆட்கள் என்னவென்று கையால் கேட்டார்கள். கீழே போய் அவர் என்ன சொல்கிறார்? கண்ணைச் சொல்கிறாரா, முதுகு வலி என்கிறாரா, இல்லை என்னைப் பற்றி இன்னும் ஏதாவதா? சுக்கானைத் தொட்டான், கையை எடுத்துக்கொண்டான்.

ரஃபீக்தான் ஏறி வந்தார். தாடையைத் தேய்த்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். "நேத்து மெத்தை கேக்க வரலை நீ, இல்ல?"

"இல்ல உஸ்தாஸ்."

"ம். அந்தத் தாளைக் கிழிச்சாச்சு. அஸ்வானுக்கு விடு. மெதுவாப் போ."

அஸ்வானில் மருத்துவர் இயந்திரத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: இடது கண்ணில் போனது போனதுதான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறது. வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, மருந்து விட்டு வந்தால் காப்பாற்றலாம். இனிமேல் சுக்கானைத் தொடக் கூடாது.

நாற்காலி பரகாத்துக்கு வரவில்லை. எட்ஃபுவிலிருந்து வேறொரு ரயிஸைக் கொண்டுவந்தார்கள். அப்படியும் ஊர் பேசத்தான் செய்தது. மச்சானைக் கவிழ்த்தவன் என்று படித்துறையில் ஒருவன் காதுபடவே சொன்னான். அக்கா தொலைபேசியை எடுக்கவே இல்லை. ஷாஸ்லிக்குக் கப்பல் நிறுவனம் கரையில், சரக்கு ஏற்றும் இடத்தில் ஒரு வேலை கொடுத்தது. சம்பளம் பாதி. மூத்த பெண்ணின் கல்யாணம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது.

பெருநாளன்று பரகாத் அக்கா வீட்டுத் தெருவில் இரண்டு தடவை போய்த் திரும்பி, மூன்றாவது தடவை கதவைத் தட்டினான். நாஜியா திறந்தாள். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் இறைச்சியும் வெயிலில் பொங்கவைத்துச் சுட்ட ரொட்டியும் அவன் முன்னால் வந்தன. வைத்தவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் கட்டிலில் சாய்ந்திருந்த ஷாஸ்லி ஒரு சின்னப் புட்டியை நீட்டினார். "இதைக் கொஞ்சம் விட்டு விடுடா. உங்க அக்காவுக்குக் கை நடுங்குது. பாதி கன்னத்துல போவுது."

பரகாத் அவர் தலையைப் பிடித்துச் சாய்த்து இமையை விலக்கினான். புட்டியை அழுத்தினான். ஷாஸ்லி துள்ளி எழுந்து கண்ணைக் கசக்கினார்.

"ரெண்டு சொட்டு விட்டுட்டியேடா! ஒண்ணுதான் விடணும். மருந்து என்ன விலை தெரியுமா?"

சமையலறை வாசலில் நின்றிருந்த நாஜியா முக்காட்டு நுனியால் கையைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கும் கை நடுங்குதாடா?" என்றாள்.

"ஆமாக்கா," என்றான் பரகாத்.