இரவல் ஆட்டக்காரி

“காலண்டரப் பாத்துத்தானுங்க தேதி போட்டீங்க? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. வளர்பிறை முகூர்த்தத்தன்னிக்குப் போயி பைனல் வெக்கற ஆள இந்த ஜில்லாவுல வேறெங்கீங்க பாக்க முடியும்?”

“கைய ஆட்டிப் பேசாதீங்க. சங்கத்து மீட்டிங்குல தேதி படிச்சப்ப நீங்களுந்தான டீயக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க? ரூல்னா ரூலுங்க. ஒம்போதரைக்கு ஏழு பேரு நிக்கலீன்னா வாக்கோவர்.”

“வாக்கோவரா? எங்க புள்ளைங்க ஆறு பேரும் கோழி கூப்பிட எந்திரிச்சு வந்தது உங்க மூஞ்சியப் பாக்கறதுக்குங்களா?”

சண்டையிலும் ‘ங்க’வை விடாமல் திட்டிக்கொள்வது நம் பக்கத்துக்காரர்களுக்கே கைவந்த கலை. பனமரத்துப்பட்டிப் பள்ளிக்கூட மைதானத்தில், ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கோல் போஸ்ட்டுக்குக் கீழே நின்று அப்படித் திட்டிக்கொண்டிருந்தவர்களில் கையை ஆட்டியவர் சங்ககிரி ராசு. லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், சங்ககிரிப் பெண்கள் ரக்பி அணிக்கு மேனேஜர். ரூல் பேசியவர் ஜலகண்டாபுரம் குணசீலன். பன்னிரண்டு தறி ஓடும் பட்டறைக்கு ஓனர், ஜலகண்டாபுரம் கிளப்புக்குச் செயலாளர். அது போதாதென்று மேற்கு வட்டார ரக்பி சங்கத்தில் எந்த ஊர் எந்த ஊரோடு எந்தத் தேதியில் ஆடுவது என்று அட்டவணை போடுகிற பொறுப்பும் அவரிடமே இருந்தது. அந்தப் பொறுப்பை யாரும் கேட்கவில்லை, அவரும் யாருக்கும் தரவில்லை.

ராசு சொன்னது பொய்யில்லை. சங்ககிரி அணியில் மேகலா என்று ஒருத்தி, காற்றாக ஓடுகிறவள். அவளுக்கு அன்று காலை ஒன்பது மணிக்கு உப்புச் சக்கரை மாற்றி நிச்சயம் செய்கிறார்கள். மாற்றாக வரவேண்டியவளுக்குக் கால் சுளுக்கு. நிச்சய விஷயம் குணசீலனுக்கு இரண்டு மாதம் முன்பே தெரியும். சொன்னது அவருடைய அக்கா பொன்னாத்தாள்தான். எந்த ஊரில் எந்த வீட்டில் எப்போது தட்டு மாறும் என்பதெல்லாம் பொன்னாத்தாளுக்குத் தபால்காரருக்கு முன்பே தெரிந்துவிடும். பைனலுக்குத் தேதி குறிக்கும்போது குணசீலன் தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்தார் என்று மீட்டிங்கில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். நாம் பார்க்கவில்லை. ஆனாலும் மூன்று ஞாயிறு சும்மா கிடக்க, அந்த ஒரு ஞாயிற்றின்மேல் போய் அந்த விரல் எப்படி நின்றது என்று யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள்.

குணசீலனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஆறு வருஷமாக அவர் கிளப் நடத்துகிறார். பெண்பிள்ளைகளை டவுசர் போட்டு மண்ணில் உருள விடச் சொல்லி வீடு வீடாகப் போய், அவரவர் அம்மாவிடம் திட்டு வாங்கி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, சுண்ணாம்புக் கோட்டைத் தானே குனிந்து போட்டு வளர்த்த அணி. ஆறு வருஷமும் வட்டாரத்தோடு நின்றுபோனது. இந்த வருஷம் பைனல். ஜெயித்தால் சென்னையில் மாநிலப் போட்டி. அடுத்த வருஷம் என்ற பேச்சே கிடையாது, ஏனென்றால் அணியில் நாலு பேருக்கு ஜாதகம் எடுத்தாயிற்று. இந்தப் பிள்ளைகள் சேர்ந்து ஆடுவது இதுவே கடைசி. ஒருமுறையாவது அவர்களோடு சென்னையில் போய் இறங்கவேண்டும் என்பது அவருக்கு வெறியாகவே ஆகிவிட்டது. ‘மாநிலப் போட்டிக்குச் செல்லும் எங்கள் சிங்கப் பெண்களே’ என்று பிளெக்ஸ்கூட அடித்துவிட்டார். அதில் சிங்கப் பெண்கள் தபால்தலை அளவிலும் குணசீலன் ஆளுயரத்திலும் இருந்தது வேறு கதை.

ரெஃபரி சுவாமிநாதன், ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், ஒல்லியான மனிதர். இரண்டு பேரையும் கேட்டுவிட்டு ஜலகண்டாபுரம் கேப்டனைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, ஆள் கொறஞ்சா எதிர் டீம்ல இருந்து ஒரு ஆள இரவல் குடுத்து ஆடலாம்னு நம்ம சங்கத்து ரூல்லயே இருக்குது. குடுக்கறதும் குடுக்காததும் கேப்டன் இஷ்டம். நீ என்ன சொல்ற?”

கேப்டன் தனப்பிரியா தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்தாள். குணசீலனைப் பார்க்கவில்லை.

“குடுக்கறோங்க சார்.”

“அம்மிணி!” என்றார் குணசீலன். “ஆடாமயே கெலிச்சுட்டோம் சாமி. பேசாம வண்டியேறலாம்.”

“ஆடாமக் கெலிச்சோம்னு சென்னையில போயி எப்பிடீங்கண்ணா சொல்றது? எல்லாரும் மூணு மாசமா முட்டி ஒடைய ஓடினது இன்னிக்கு ஆடறதுக்குத்தானுங்களே.”

குணசீலனுக்குப் புத்தி வேறு பக்கம் ஓடியது. சரி, கொடுப்பது கேப்டன் இஷ்டம் என்றால், யாரைக் கொடுப்பது என்பது மேனேஜர் இஷ்டமாக இருக்கட்டும். அதைச் சொன்னதும் சுவாமிநாதனும் தலையாட்டிவிட்டார்.

குணசீலன் கண் நேராக வித்யாவிடம் போனது.

வித்யா அவர் பட்டறையிலேயே வேட்டி மடித்துப் பண்டல் கட்டுகிறவள். நல்ல உடம்பு. ஓட்டத்தில் எப்போதும் கடைசி. இரண்டு வருஷமாகப் பயிற்சிக்கு ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை, ஒரு மேட்சில்கூடக் களத்தில் கால் வைத்ததுமில்லை. தண்ணீர்க் கேன் தூக்குவாள், ஐஸ் வைப்பாள், மற்றவர்கள் செருப்பைப் பார்த்துக்கொள்வாள். சட்டை அடிக்கும்போது ஒன்பது நம்பரோடு குணசீலன் நிறுத்திவிட்டதால், நம்பர் இல்லாத ஒரு பழைய ஆம்பளைச் சட்டைதான் அவளுக்கு.

“அவளயா?” என்றார் ராசு. முகம் சுண்டிவிட்டது. ஆனால் இரவல் மாட்டை எப்படிப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது?

வித்யாவைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் குணசீலன் பேசியதை, நிழலுக்கு நகர்கிற சாக்கில் நாற்காலியோடு நகர்ந்த பொன்னாத்தாள் முழுக்கக் கேட்டாள். அவள் சொல்லித்தான் நமக்கே தெரியும்.

“கண்ணு, நீ ஓடற மாதிரி ஓடு. அது போதும். நம்ம புள்ளைங்களப் போயி புடிச்சுக் கீழ தள்ளிப் போடாத. நாளைக்கு நீ என்ற பட்டறைக்குத்தான வரோணும்?”

வித்யா தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

“அவங்க சட்டையப் போட்டுக்கோணுங்களாண்ணா?”

“போட்டுக்க. அதுதான் ரூலு.”

மேகலாவின் சட்டை அது. மஞ்சளில் கறுப்பாக ஏழு. வித்யாவுக்குத் தோளில் பிடித்தது, கைக்குள் தையல் விட்டது. முதுகில் இருப்பதைத் தான் பார்க்க முடியாதென்பதால் கையைப் பின்னால் விட்டு அந்த எண்ணை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ரக்பி தெரியாதவர்களுக்குப் பொன்னாத்தாள் சொல்கிற விளக்கம் போதும்: பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கபடி. முட்டை மாதிரி இருக்கிற அந்தப் பந்தை முன்னால் எறியக்கூடாது, பின்னால் வருகிறவளுக்குத்தான் தரவேண்டும். எதிர் ஆளின் கோட்டுக்கு அந்தாண்டை போய்ப் பந்தை மண்ணில் அழுத்தி வைத்தால் ஐந்து புள்ளி, பிறகு போஸ்ட்டுக்கு நடுவே உதைத்துவிட்டால் இன்னும் இரண்டு. ஏழு நிமிஷம், மறுபடி ஏழு நிமிஷம். கொடி பிடிக்க ஆளில்லாததால் ஒரு மூலையில் ராசுவையும் மறு மூலையில் குணசீலனையும் நிறுத்தினார் சுவாமிநாதன்.

முதல் இரண்டு நிமிஷத்திலேயே ஜலகண்டாபுரம் ஐந்து. உதை போஸ்ட்டில் பட்டுத் திரும்பியது. வித்யா எல்லாருக்கும் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தாள். குணசீலன் கொடியை விசிறியாக்கிக்கொண்டார்.

அப்புறம்தான் அது நடந்தது. ஜலகண்டாபுரத்துக்காரி ஒருத்தி பந்தோடு நேராக வித்யாவை நோக்கியே வந்தாள். வித்யா என்றால் வழிவிடுவாள் என்று நினைத்திருப்பாள். வித்யா இரண்டு எட்டு வைத்து, தாழக் குனிந்து, தோளைக் கொடுத்து, பண்டலைச் சேர்த்து அணைக்கிற அதே மாதிரி இரண்டு கையாலும் தொடையைச் சேர்த்து அணைத்து அவளை அலுங்காமல் மண்ணில் கிடத்தினாள். கிடத்திய கையோடு எழுந்து பந்தை எடுத்துக்கொண்டாள். சங்ககிரிப் பெண்களே ஆடாமல் நின்று பார்த்தார்கள். “அடியே, குடுடி!” என்று ஒருத்தி கத்திய பிறகுதான் ஆட்டம் நகர்ந்தது. நகர்ந்தது நேராகக் கோட்டுக்கு அந்தாண்டை போய்த்தான் நின்றது. ஏழு புள்ளி.

அதன் பிறகு குணசீலன் பந்தைப் பார்க்கவில்லை, வித்யாவைத்தான் பார்த்தார். அவள் வேகமாக ஓடவே இல்லை. ஆனால் யார் எங்கே திரும்புவாள், எவள் எந்தக் கையால் பந்து தருவாள், தனப்பிரியா விலகப்போகுமுன் எந்தக் காலை அழுத்துவாள், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருஷம் கோட்டுக்கு வெளியே தண்ணீர்க் கேனோடு உட்கார்ந்து அவள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். செருப்பைப் பார்த்துக்கொள்கிறாள் என்றுதான் குணசீலன் இத்தனை நாள் நினைத்திருந்தார். ஆறு வருஷமாக இந்த ஆட்டத்துக்குக் கோடு போட்டவருக்கு, ஆட்டத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறோமோ என்று இருந்தது.

ஆனாலும் ஆசை சும்மா விடுமா? “வித்யா! மறந்துட்டியா சாமி?” என்று கோட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

பின்னாலிருந்து பொன்னாத்தாள் குடையைத் தாழ்த்தினாள். “ஏன்டா, கட்டிக் குடுத்த பொண்ணு புருசனூட்டு வேலயத்தான் பாக்கும். சும்மா நில்லு.”

கடைசி நிமிஷம். சங்ககிரி பன்னிரண்டு, ஜலகண்டாபுரம் பத்து. நேரம் முடிந்தாயிற்று, பந்து ஒருமுறை நின்றாலே ஆட்டமும் முடியும். பந்து தனப்பிரியாவிடம் வந்தது. மூன்று பேரைத் தாண்டினாள். அப்படி ஒரு ஓட்டத்தை அந்த மைதானம் பார்த்ததில்லை. ஏரிக்காற்று எதிரே அடிக்க, புழுதி அவளுக்குப் பின்னால் ஒரு சுவராக எழுந்து வந்தது. குணசீலன் நின்ற மூலைக்கே வந்தாள். கோட்டைத் தாண்டிவிட்டாள். பந்தை வைக்கக் குனிந்த நேரம், குறுக்கே வந்து விழுந்தாள் வித்யா. தடுத்துத் தள்ளக்கூட இல்லை. பந்துக்கும் மண்ணுக்கும் நடுவே தன்னைக் கொண்டுபோய் வைத்தாள்.

மேலே நாலு பேர் வந்து விழுந்தார்கள். விசில்.

சுவாமிநாதன் ஓடிவந்து மார்பு தரையில் பட படுத்துப் பார்த்தார். கைகளும் கால்களும்தான் தெரிந்தன. தலையை நிமிர்த்திக் கொடிக்காரரைப் பார்த்தார். பந்து மண்ணில் பட்டிருந்தால் அவர் கொடியை உயர்த்தவேண்டும்.

குணசீலனுக்கு இரண்டு முழ தூரம். வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. பந்து வித்யாவின் முழங்கைமேல் உட்கார்ந்திருந்தது. முழங்கை மண்ணில் உராய்ந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பந்துக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு விரக்கடை. அந்த ஒரு விரக்கடைக்குள் ஆறு வருஷமும் சென்னையும் இருந்தன. அவர் கையில் கொடி மெல்ல மேலே போனது. இடுப்பைத் தாண்டியது.

“மண்ணு படலீங்க சார்.”

குவியலுக்குள்ளிருந்து வந்தது தனப்பிரியாவின் குரல். “வித்யா கைமேலதான் இருக்குதுங்க.”

கொடி பாதியில் நின்றது. அது மேலே போயிருக்குமா, கீழே வந்திருக்குமா என்று ஜலகண்டாபுரத்து டீக்கடைகளில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. குணசீலனிடம் கேட்டால் “எனக்கே தெரியாதுங்க” என்கிறார். அதை மட்டும் நம்பலாம் என்று தோன்றுகிறது.

இரண்டு லாரிக்கு அப்பால் கேட்கிற குரல் ராசுவுடையது. அவரே வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். குவியல் ஒவ்வொரு ஆளாகப் பிரிந்தது. அடியில் தனப்பிரியாவும் வித்யாவும் முகத்துக்கு முகம் மூக்கு இடிக்கக் கிடந்தார்கள். தனப்பிரியா சிரித்துக்கொண்டிருந்தாள். சென்னையைத் தொலைத்துவிட்டு எதற்குச் சிரிக்கிறாள் என்று குணசீலனுக்குப் புரியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை. கோயிலில் திரை விலகும்போது நிற்கிற மாதிரி, கொடியோடு நின்றார்.

ஜெயித்தவர்கள் இரண்டு வரிசையாக நின்று தோற்றவர்களைக் கைதட்டி அனுப்புவது அந்த ஆட்டத்தில் மரியாதை. வித்யா சங்ககிரி வரிசையில் கடைசியாக நின்று தன் ஊர்ப் பெண்களுக்கே கைதட்டினாள். போன ஒவ்வொருத்தியும் அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனாள். மேனேஜரும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். குணசீலன் அவள் முன்னால் வந்ததும் நின்றார்.

“முழங்கைக்கு மருந்து போடு.”

“செரீங்கண்ணா.”

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் வித்யா வழக்கம்போல எட்டு மணிக்குப் பட்டறைக்கு வந்து வேட்டி மடித்தாள். எல்லாரும் ஒரு சண்டையை எதிர்பார்த்துச் சன்னல் பக்கம் நடந்து பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. தறிச் சத்தம்தான்.

சங்ககிரி அணி சென்னையில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. இரவல் அன்றைக்கு மட்டும்தான், வித்யா போக முடியாது. மேகலாவுக்கு ஐப்பசியில் கல்யாணம். குணசீலன் போய் மொய் எழுதிவிட்டு, மணமக்களோடு போட்டோவுக்கு நிற்காமல் வந்துவிட்டார். தனப்பிரியாவுக்குத் தை மாதம். மாப்பிள்ளைக்குத் திருச்செங்கோட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற ரெண்டு ரிக் வண்டி, வருஷத்தில் எட்டு மாதம் வடக்கே எங்கோ போர் போட்டுக்கொண்டிருப்பார். ஜாதகம் எடுத்த மற்ற மூன்று பேரும் கோமாரபாளையம், ராசிபுரம், ஈரோடு என்று ஆளுக்கொரு திசை. அட்டவணை போடும் பொறுப்பைக் குணசீலன் தானாகவே விட்டுவிட்டார். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் ராசு என்று கேள்வி.

சித்திரையில் வித்யா பட்டறையை விட்டாள். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை, தங்க இடம், கூடவே கிளப். ராசு பெண் கேட்கிற மாதிரித் தாம்பூலத்தோடு வந்து அவள் அம்மாவிடம் கேட்டுக் கூட்டிப்போனார் என்று பொன்னாத்தாள் சொல்கிறாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

வைகாசியில் ஒரு காலை, ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு பஸ்ஸில் போன குணசீலன், சங்ககிரி மலையடியில் பஸ் நின்றபோது சன்னல் வழியே பார்த்தார். மேட்டில் லோடு ஏற்றிய லாரி ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. பின்னால் ஏழு பெண்கள் ஒருத்தி தோளை ஒருத்தி கோத்து, தலையைத் தாழ்த்தி, கால்களை மண்ணில் ஊன்றியிருந்தார்கள். நடுவில் அகலமான ஒரு மஞ்சள் முதுகு. யாரோ ஒருத்தி குரல் கொடுத்தாள். ஏழு முதுகும் ஒன்றாக இறுகின. கண்டக்டர் விசிலடிக்காமல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பெரிய சக்கரம், முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம், மேட்டில் ஏறத் தொடங்கியது.