பிரம்பு நாற்காலி இருக்கும் பக்கம்

லிஃப்ட் மெக்கானிக்கின் முதல் மனைவி இறந்த மூன்றாவது வாரத்தில், அவள் ஜன்னலோரம் வளர்த்த இருபத்தாறு ஆப்பிரிக்க வயலட் செடிகளும் வெளிச்சத்தை விட்டுவிட்டு, அவள் வழக்கமாக உட்காரும் பிரம்பு நாற்காலியின் பக்கம் திரும்பிக்கொண்டன. அதே வாரத்தில் ஊரிலிருந்த மற்ற வயலட் செடிகளும் திரும்பின. அவை எல்லாமே அவள் கொடுத்த இலைகளிலிருந்து வந்தவை. இந்தச் செடியின் ஓர் இலையைக் காம்போடு கிள்ளி ஈரமணலில் சாய்த்து நட்டால், ஆறேழு வாரத்தில் காம்படியில் எலிக்காது அளவுக்குக் குட்டிகள் எட்டிப் பார்க்கும். குட்டி வேறு தாய் வேறு என்று இல்லை, அதே செடிதான். அவளுக்கோ தாராளமான கை. பல் டாக்டர், நூலகத்துக்காரர், முடிதிருத்துகிறவர் என்று யார் கேட்டாலும் ஈரக் காகிதத்தில் ஓர் இலையைச் சுற்றிக் கொடுத்திருந்தாள். ஆக மொத்தம் நூற்று நாற்பத்தொரு தொட்டிகள் ஒரே நாற்காலியைப் பார்த்தன. ஒன்பதாவது மாடிக் காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த செடி தொட்டி விளிம்பைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்தது. ஊர் முதலில் வாயைப் பிளந்தது, பிறகு பழகிக்கொண்டது. புதிதாக வந்த தபால்காரர் ஒருவர் திசை குழம்பும்போதெல்லாம் அக்கம்பக்கத்துத் தொட்டி எதையாவது பார்த்துச் சரிசெய்துகொண்டார்.

இரண்டு வருடம் கழித்து மெக்கானிக், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் ஒரு பெண்ணைப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுத் திருமணம் செய்துகொண்டார். அவருடைய எட்டு வயது மகள் புதிதாக வந்தவளைச் சித்தி என்று கூப்பிட்டாள். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் சித்தி என்றார்கள், பிறகு தெருவே சித்தி என்றது, கடைசியில் அவளைவிடப் பத்து வயது மூத்த காய்கறிக்காரரும் சித்தி என்றார். லிஃப்ட்காரர் மனைவி என்று யாராவது சொன்னால் அது போனவளைக் குறித்தது. வந்த முதல் வாரமே அவள் ஒரு காரியம் செய்தாள். செடிகளெல்லாம் ஏன் இப்படிக் கோணிக்கொண்டு நிற்கின்றன, தாகமாக இருக்கும் என்று நினைத்து, குழாய்த் தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்து இலைகளின் மேலேயே ஊற்றிவிட்டாள். வயலட் இலைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஆகாது. இரண்டு நாளில் இருபத்தாறு செடிகளிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் விழுந்தன. "எங்கம்மா மேல தண்ணிய ஊத்திட்டாங்க" என்று மகள் அழுத அழுகையில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

அதற்குப் பிறகு அவள் கற்றுக்கொண்டாள். தண்ணீரை வெதுவெதுப்பாக்கி அடித்தட்டில் மட்டும் ஊற்றவும், அரைமணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடவும், பெயிண்ட் பிரஷ்ஷால் இலைத்தூசியைத் தட்டவும், வாடிய பூவைக் காம்போடு எடுக்கவும் கை தானாகப் பழகியது. செடி ஒருபக்கமாக வளரக் கூடாது என்பதற்காக வாரம் ஒருமுறை ஒவ்வொரு தொட்டியையும் கால் சுற்றுத் திருப்பி வைத்தாள். சாயங்காலத்துக்குள் அவை நாற்காலிக்கே திரும்பின. நாற்காலி முன்ரூமில் தெருக்கதவை ஒட்டி இருந்தது. அவள் நேரமெல்லாம் கழிந்தது அடுப்படியிலும் பின்ரூமிலும். அங்கிருந்து பார்த்தால் இலைகளின் வெளிறிய அடிப்பக்கம்தான் தெரியும். செடிகள் நன்றாகப் பூத்தன. போனவள் இருந்தபோதுகூட இப்படிப் பூக்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் மஞ்சள் பொட்டு வைத்த அந்த ஊதாப் பூக்களின் முகம் மட்டும் ஒருநாளும் அவள் பக்கம் இல்லை. அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் ஏதாவது ஒன்று தன்னை ஏறெடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மெக்கானிக் கெட்டவர் இல்லை, பேசாதவர். வேலை முடிந்து வந்தால் அவரும் நாற்காலியைப் பார்த்தபடிதான் சாப்பிட்டார்.

ஆறாவது வருடம் அவள் பொறுமை விட்டுப்போனது. மகள் பள்ளிக்கூடத்திலும் கணவர் வேலையிலும் இருந்த ஒரு மத்தியான வேளையில், காதும் காதும் வைத்தாற்போல ஒரு மினிவேனை வரவழைத்து, நாற்காலியை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பழைய சாமான் கடைக்கு அனுப்பினாள். வேன் தெருமுனை திரும்பியதும் நூற்று நாற்பத்தொரு தொட்டிகளிலும் செடிகள் திரும்பத் தொடங்கின. பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தவர் அலமாரியிலிருந்த செடி மெதுவாகக் கழுத்தைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு, வாயை மூடாமலே ஏதோ சொன்னார். நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். வேன் கடைத்தெருவைத் தாண்டியது, பாலத்தில் ஏறியது, பெட்ரோல் போட நின்றது எல்லாம் ஊருக்கு உடனுக்குடன் தெரிந்தது. மெக்கானிக் அப்போது மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்ட ஒரு லிஃப்ட்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடி வரவேற்பு மேஜையிலிருந்த செடி திரும்புவதைக் கண்டதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். உள்ளே மாட்டியிருந்த வக்கீல் ஒன்றேகால் மணி நேரம் கத்தியதாகச் சொல்வார்கள். வீட்டு வாசலில் அதற்குள் ஒன்பது பேர் கூடிவிட்டார்கள்.

"என்ன சித்தி, நாற்காலி எங்க போகுது?"

பிரம்பு அறுந்துவிட்டது, பின்னுவதற்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அந்தப் பொய்யையும் யாரோ போய் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்து நாற்காலி புதுப்பிரம்போடு, அவர் தோளில் ஏறி வீட்டுக்கு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. ஏன் அனுப்பினாய் என்று அவர் கேட்கவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் அவள் விதைக்கு முயன்றாள். இலையிலிருந்து வருவது பழைய செடி, விதையிலிருந்து வருவது புதிய செடி, அதற்கு யாரையும் தெரிந்திருக்காது என்று கணக்குப் போட்டாள். ஒரு பூவின் மஞ்சள் தூளைப் பல்குச்சி நுனியில் எடுத்து இன்னொரு பூவில் தடவினாள். காய் முற்ற எட்டு மாதம் ஆனது. மிளகுத்தூளைவிடச் சன்னமான விதைகளை ஈரமண்ணில் தூவிக் கண்ணாடி மூடி வைத்து, மூச்சுவிடவும் பயந்து பார்த்துக்கொண்டாள். பதினொன்று முளைத்தன, பத்து அழுகின. மிஞ்சிய ஒன்று ஒரு வருடம் கழித்து வெள்ளையாகப் பூத்தது. பூத்த அன்றே அதுவும் நாற்காலியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அன்றைக்கு அவள் சலவைக்கூடத்தில் போர்வைக் குவியலுக்கு நடுவில் நின்று அழுதாள். அன்று வார்டுகளுக்குப் போன போர்வைகளில் நாற்பது சரியாகக் காயவில்லை என்று திரும்பி வந்தன. வெள்ளைச் செடிக்கும் மறுநாள் காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தாள்.

வருடங்கள் போயின. மகள் படித்து, கடல் தாண்டி ஒரு நகரத்துக்கு வேலைக்குப் போனாள். போகும்போது ஈரக் காகிதத்தில் ஓர் இலை கொண்டு போனாள். அங்கே அவள் ஜன்னலில் செடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வீடு என்று வைத்துக்கொண்டாள். தொலைபேசியில் முதலில் செடிகளை விசாரிப்பாள், பிறகு அப்பாவை, பிறகு "நீங்க சாப்டீங்களா சித்தி?" என்பாள்.

இருபத்தொன்றாம் வருடம் சித்திக்கு மூச்சு இரைத்தது. இத்தனை காலம் குடித்த நீராவியெல்லாம் நெஞ்சில் தங்கிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். டாக்டர்கள் அப்படிச் சொல்லவில்லை, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்கள். பின்ரூமில் கட்டில் போட்டார்கள். அவள் படுத்துக்கொண்டே, "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கால் சுத்து திருப்பி விடுங்க" என்று குரல் கொடுப்பாள். மெக்கானிக் திருப்பி வைப்பார். ஒருநாள் அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு, ஏதாவது வேணுமா என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இத்தன வருஷமா அதுங்களோட முதுகத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். அத நெனச்சா சிரிப்பா வருது" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அவர் முன்ரூமுக்குப் போய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கட்டிலை ஒட்டிப் போட்டார். பிறகு, இருபத்துமூன்று வருடமாக யாரும் உட்காராத அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். திறந்த கதவு வழியாக இருபத்தேழு செடிகளும் ஒவ்வொன்றாகத் திரும்புவதை இருவரும் பார்த்தார்கள். வெள்ளைதான் கடைசியாகத் திரும்பியது. "உங்களப் பாக்குதுங்கன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள் அவள்.

பக்கத்துத் தெருவில் ஒரு சாண், பல் டாக்டர் அலமாரியில் ஒரு விரல்கடை, அக்கரையில் ஒரு நூல் அளவு என்று ஊர்ச்செடிகள் அசைந்தன. மறுநாள் காலை வாசலில் பதினான்கு பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் பல் டாக்டர், அவருக்கே இப்போது பல் இல்லை.

"நாற்காலிய எடுத்துட்டீங்களா?"

"பின்ரூம்ல போட்டிருக்கேன்."

"அங்க என்ன இருக்கு?"

"என் பொண்டாட்டி இருக்கா."

லிஃப்ட் குழிக்குள்ளிருந்து மேல்மாடிக்குக் கேட்கும்படி பேசியே பழகிய குரல் அது. தெருக்கோடி வரை கேட்டது, பின்ரூமிலும் கேட்டது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போய், வீட்டுக்காரிக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்று காய்கறிக்காரர், "உங்க வீட்டுக்காரம்மாவுக்கு" என்று சொல்லி ஒரு கட்டுக் கீரை கொடுத்தார்.

அந்த வாரம் மகள் கூப்பிட்டாள். ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் இங்கே என் செடி கொஞ்சம்கூட அசையவில்லையே என்றாள். சித்தி தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"நகந்தது பதினாலு அடிதான். கடலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து உனக்கு எப்படித் தெரியும்?"

மகள், "அப்போ இது இத்தன நாளும் உங்களத்தான் பாத்துச்சுன்னு வச்சுக்கலாம் இல்ல, சித்தி?" என்றாள். சித்திக்கு மூச்சு வாங்கியது. மெக்கானிக்தான் வாங்கி, "வச்சுக்கலாம்மா, சீக்கிரம் கெளம்பி வா" என்றார்.

அதற்குப் பிறகு அவள் பத்தொன்பது நாள் இருந்தாள். கண் விழிக்கும்போதெல்லாம் கதவு வழியாகப் பூக்களைப் பார்த்தாள், மகள் வந்து சேர்ந்த மறுநாள் விழிக்கவில்லை. மூன்றாவது வாரம் ஊரில் எல்லோரும் தங்கள் தங்கள் தொட்டியைக் கவனித்துப் பார்த்தார்கள். ஒரு செடியும் அசையவில்லை. ஏற்கெனவே அந்த ரூமைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மெக்கானிக் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து அடித்தட்டுகளில் ஊற்றினார், அரைமணி நேரம் காத்திருந்து மிச்சத்தைக் கொட்டினார், பிறகு வேலைக்குப் போனார்.