ஒரு முழம் பின்னால்

கேள்விக்குப் பதில் சொல்லாமல் மழுப்பும்போதெல்லாம் நகரசபைத் தலைவர் நாற்காலியோடு ஒரு முழம் பின்னால் நகர்ந்தார். அதை முதலில் கவனித்தவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சுவர் இடிந்ததில் அவள் மகளுக்குக் கால் நொறுங்கியிருந்தது. "சுவர் நல்லாயிருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாருங்க?" என்று மட்டும்தான் கேட்டாள். "போன தலைவர் காலத்துல பாலமே விழுந்துச்சே, அப்ப எங்க போயிருந்தீங்க?" என்றார் தலைவர், ஒரு முழம். "அப்போ பள்ளிக்கூடமே வேண்டாங்கிறீங்களா?" இன்னொரு முழம். "உங்களைத் தூண்டிவிட்டது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றபோது முதுகு சுவரில் முட்டியது. தையல்காரி இஞ்சு டேப்பால் அளந்து பார்த்தாள். மூன்று முழம், பிசகில்லை.

நகர்ந்த நாற்காலியை யாராலும் திரும்ப இழுக்க முடியாததால், அடுத்தடுத்த கூட்டங்கள் அது நின்ற இடத்திலேயே நடந்தன. மாதாமாதம் அவள் அதே கேள்வியோடு வந்தாள். பொறியாளர் நாற்காலியைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினார். தரையும் பெயர்ந்து கூடவே போனது. பிறகு பின்சுவரை உடைத்து வழிவிட்டார்கள். மழுப்பல் பெருகப் பெருக தூரமும் பெருகியது. "குழந்தைங்க மேல எனக்கில்லாத அக்கறையா?" என்று கண்ணைத் துடைத்த அன்று ஒரே மூச்சில் மீன் கடைவரை போய்விட்டார். "கமிட்டி போட்டிருக்கு" என்றதும் ரயில் கேட்டைத் தாண்டினார். கமிட்டிக்காரர்கள் ஐவரும் அவரவர் நாற்காலியில் பின்தொடர்ந்தார்கள். ஊர் ஜனங்களும் இதில் தேறிவிட்டார்கள். யார் பேசினாலும் முகத்தை விட்டுவிட்டு, நகர்கிறாரா என்று தரையைப் பார்த்தார்கள். கடைக்காரர்கள் கல்லாவோடு நகர்ந்தார்கள், கணவன்மார் கட்டிலோடு நகர்ந்தார்கள்.

மூன்றாம் வருஷம் நாற்காலி ஊர் எல்லைக் கல்லைத் தொட்டது. இன்னும் ஒரு முழம் போனால் பதவி போய்விடும். தையல்காரி வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்து கேட்டாள். தலைவர் கல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான்தாம்மா போட்டேன். போய்ப் பாக்காமயே போட்டேன். கட்டினது என் மச்சான்." நாற்காலி அசையவில்லை. மறுநாள் போலீஸ் வந்து அவரை அங்கேயே கைது செய்தது.

அவர் ஒப்புக்கொண்ட அன்றே தையல்காரி வீட்டுக்கு ஓடிவந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு வாங்க மகளிடம் அத்தனையையும் சொன்னாள். மகள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சுவத்துல விரிசல் விட்டிருக்குன்னு உன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேனேம்மா. நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றாள்.

"அந்த மாசம் எவ்வளவு தையல் குவிஞ்சு கெடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

ஸ்டூல் ஒரு முழம் பின்னால் போனது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.  மகள் கைத்தடியைச் சாய்த்து வைத்துவிட்டு, தையல் மெஷினை அம்மாவுக்கு எட்டும்படி ஒரு முழம் தள்ளிக் கொடுத்தாள்.