இடம் மாறிய பிரிட்ஜ்

என் கணவர் கிட்டாரைத் தொட்டு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதமும் நான் காலையில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தேன். மாலையில் மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டினேன். கால் இரண்டும் வீங்கி, செருப்பை ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டியதாயிற்று.

காய்ச்சலில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர், கிட்டாரை மடியில் வைத்து நாலு தடவை மீட்டிவிட்டுக் கீழே வைத்தார்.

"எல்லாம் பிசகிக் கேக்குது. காது போயிடுச்சு."

"டாக்டர் காது நல்லா இருக்குன்னாரே."

"டாக்டருக்கு சுருதி தெரியுமா?"

எனக்கும் தெரியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? ஓட்டல் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வாசித்த மனுஷர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? ஓட்டல் முதலாளி போன வாரம்கூட ஆள் விட்டுக் கேட்டார். இவர் காதைத் தொட்டுக் காட்டி அனுப்பிவிட்டார். கிட்டாரையே விற்றுவிடலாம் என்றார்.

பழைய கிட்டார் சேகரிக்கும் ஒருவர் இன்று மதியம் வந்தார். இது பழங்கால எலெக்ட்ரிக் கிட்டார். உள்ளே வெறும் கூடு, முன்னும் பின்னும் வளைந்து புடைத்திருக்கும். துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மீட்டினார். முகத்தைச் சுளித்தார்.

"பிரிட்ஜ் நகர்ந்திருக்கு. கம்பி மொத்தத்தையும் ஒரே நேரத்துல கழட்டினீங்களா?"

பிரிட்ஜ் என்றால் கம்பிகளைத் தாங்கும் மரக்கட்டை; அது இந்தக் கிட்டாரில் ஒட்டியிருக்காதாம். கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்குமாம். அதனால் கம்பியை ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டுமாம். இவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வீட்டைத் துடைத்த கையோடு ஆறு கம்பியையும் கழற்றிக் கிட்டாரையும் துடைத்தவள் நான். கட்டை கையோடு வந்தது. கண்ணளவில் வைத்து, கம்பியை மாட்டினேன். நின்றது, விட்டுவிட்டேன்.

"நான்தாங்க," என்று இவரிடம் சொன்னேன். "உங்க காதுல ஒரு குறையும் இல்ல. நான்தான் கெடுத்துட்டேன்."

வந்தவர் கம்பிகளைத் தளர்த்திக் கட்டையை நக அளவு நகர்த்தினார். மறுபடி முறுக்கி மீட்டி, திருப்தியாகத் தலையாட்டினார். நான் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோஷமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கே தெரியும். ரெண்டு நிமிஷ வேலை."

"அப்புறம் ஏங்க?"

"களைச்சுப் போச்சும்மா. சாப்பிடுறவங்க ஒருத்தரும் நிமிர்ந்துகூட பாக்கறதில்ல. இனி வாசிக்க மாட்டேன்னு உன்கிட்ட சொல்ல வாய் வரல. காது போச்சுன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். இவர் மனசு நோகுமே என்று எட்டு மாதமாக ரேடியோகூடப் போடாமல் இருந்திருக்கிறேன். கோபம் பொங்கியது. ஆனால் நின்று சண்டை போடக் காலில் தெம்பில்லை.

வந்தவர் கையிலிருந்து கிட்டாரை வாங்கி இவர் மடியில் வைத்தேன்.

"மன்னிச்சுக்குங்க சார், இது விக்கறதுக்கு இல்ல," என்று வந்தவரிடம் சொன்னேன். பிறகு இவரிடம், "ஏழு மணிக்கு ஓட்டலுக்குப் போங்க. எனக்கும் களைச்சுப் போச்சு. இன்னைக்கு நான் கிடங்குக்குப் போகல," என்றேன்.

உள்ளே போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் இவர் சுருதி சேர்ப்பது கேட்டது. சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. தூங்கிவிட்டேன்.