நீலத் துணி கட்டிய சாவி

அந்தக் கட்டடத்தில் வாடகை குறைவு. ஏன் குறைவு என்று யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. குடிவந்த முதல் நாளே காதும் மூக்கும் சொல்லிவிடும். பின்னால் ரயில் பாதை, முன்னால் மீன் சந்தை. லிஃப்ட் என்று ஒரு கூண்டு உண்டு, அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. மாடிக்கு ஒரு பாஷை, கதவுக்கு ஒரு சாமி. படிக்கட்டில் இரண்டு பேர் இடித்துக்கொண்டால் ஒரு மொழியில் மன்னிப்பும் இன்னொரு மொழியில் வசவும் ஒரே நேரத்தில் கேட்கும். இத்தனை பேருக்கும் பொதுவாக இருந்தவை இரண்டுதான்: மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, கீழ்த்தளத்துத் தையல்காரி.

அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் ஷிஃப்ட் வேலைக்காரர்கள். கணவன் வரும்போது மனைவி கிளம்புவாள், பிள்ளை பள்ளி விட்டு வரும்போது இருவருமே இருக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டின் மாற்றுச் சாவியும் தையல் கடைச் சுவரில் ஆணியில் தொங்கும். பேரும் எழுதியிருக்காது, நம்பரும் இருக்காது. எழுதி வைத்தால் திருடனுக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி என்பாள் தையல்காரி. யாருக்கு முதலில் எதைத் தைத்துக் கொடுத்தாளோ, அந்தத் துணியின் வெட்டுத் துண்டை அவர்கள் சாவியில் கட்டிவிடுவாள். எந்தத் துண்டு யாருடையது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அப்படித் தெரிந்து வைத்திருப்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரு கணவரும் ஒரு டிவியும். இரண்டில் டிவிதான் பேசும். மகளைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்திருந்தாள். அவள் பிரசவத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டு இவள் காத்திருக்க, "அத்தை பாத்துக்கறாங்கம்மா, நீ எதுக்கு அலையற?" என்று மகள் போனில் முடித்துவிட்டாள். அன்றைக்குப் பெட்டியைப் பிரித்தவள்தான். அந்த மாமியார்க்காரியின் பேச்சை எடுத்தாலே இவளுக்கு இன்னமும் வயிறு எரியும்.

அதனால்தான் மூன்றாம் மாடி நர்ஸ் வாந்தியும் மயக்கமுமாக முதன்முதலில் கடை வாசலில் வந்து உட்கார்ந்தபோது, இந்தப் பிரசவம் என்னுடையது என்று தையல்காரி மனசுக்குள் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டாள். நர்ஸின் கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன், பிள்ளை பிறந்து தவழ ஆரம்பிக்கும்போதுதான் வருவான். சொந்தபந்தம் வேறு நாட்டில். அவள் பேசுகிற தமிழே தையல் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கற்றது. குழந்தைக்குச் சட்டை, தொப்பி, போர்வை எல்லாம் தைத்தாயிற்று. குழந்தையை முதலில் கையில் வாங்குவது யார் என்பதில் தையல்காரிக்குச் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் எதிர்க்கடைக்குச் சுருட்டை வந்து சேர்ந்தாள். முடி வெட்டுகிறவள், தன் தலைமுடி மட்டும் யாருக்கும் அடங்காத சுருள். எந்த ஊர்க்காரி என்றே தெரியாது. எல்லா ஊர்க்காரர்களும் தங்கள் ஊர் என்றார்கள். வந்து சில மாதம்கூட ஆகவில்லை, இரண்டாம் மாடிக் கிழவரிடம் அவர் பாஷையில் ஜோக் அடிக்கிறாள், நாலாம் மாடிப் பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷையில் பாட்டுப் பாடுகிறாள். தமிழும் பேசினாள். யாரிடம் கற்றாளோ, தையல்காரியிடம் இல்லை. அதுவேறு எரிச்சல். அவள் கடையில் நாளெல்லாம் சிரிப்புச் சத்தம். தையல்காரி மெஷினை மிதித்தபடி கண்கொத்திப் பாம்பாக எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். நர்ஸ் அங்கே போய் உட்கார்ந்து கால் நீட்டிய அன்று இரண்டு ஜாக்கெட்டுக்குக் கை மாற்றி வைத்துத் தைத்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் நர்ஸ் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வாசலில் நின்றாள்.

"அக்கா, என் சாவியைக் குடுங்க. சுருட்டைகிட்ட குடுத்து வைக்கணும். அப்புறம் சொல்றேன், பஸ் வந்துடும்."

தையல்காரி ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, சாவிவரை வந்தாயிற்று. நாளைக்குப் பிள்ளையும் அங்கேதான். "இரு, எடுத்துத் தரேன்" என்று சுவர்ப்பக்கம் திரும்பினாள். நர்ஸ் சீருடையின் நீலத் துணி கட்டிய சாவி ஒரு ஆணியில். பக்கத்து ஆணியில், எப்போதோ காலி செய்துவிட்டுப் போன லாரி டிரைவரின் பழைய சாவி, பழுப்புத் துணியோடு. அந்த வீட்டுக்குப் பூட்டே மாற்றியாகிவிட்டது. தையல்காரியின் விரல்கள் முடிச்சு அவிழ்ப்பதில் கெட்டி. நீலத்தைப் பழைய சாவிக்கும் பழுப்பை நர்ஸ் சாவிக்கும் மாற்றிக் கட்டி, நீலம் கட்டியதைக் கொடுத்தனுப்பினாள்.

பெரிய சதி ஒன்றும் இல்லை. என்றைக்காவது சுருட்டை அந்தக் கதவு முன்னால் நின்று திருதிருவென்று முழிக்க வேண்டும், நர்ஸ் ஓடி வந்து "நீங்களே வெச்சிக்கோங்கக்கா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

நாள் வந்தது, நினைத்ததற்கு முன்னாலேயே வந்தது. ஒரு மத்தியானம் நர்ஸ் வேலை செய்யும் சின்ன கிளினிக்கிலிருந்து போன்: அங்கேயே வலி எடுத்துவிட்டது, பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பியிருக்கிறார்கள், அக்காவைத்தான் கூப்பிடுகிறாள். என்னைத்தான், என்னைத்தான் என்று சொல்லிக்கொண்டே கடையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, செருப்புக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். எதிர்க்கடையைப் பார்த்துத் தலையை ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போகவும் மறக்கவில்லை.

பிரசவ வார்டில் நர்ஸ் அவள் கையைப் பிடித்தவள் விடவில்லை. கைப்பையும் வீட்டுச் சாவியும் வேலையிடத்து அலமாரியில் மாட்டிக்கொண்டுவிட்டன. டாக்டரம்மா மாசாமாசம் பரிசோதனை செய்த ரிப்போர்ட் ஃபைலைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அது குழந்தைத் துணிப் பையோடு வீட்டில் இருந்தது. பயப்படாதீங்க என்று நர்ஸே தையல்காரியைத் தேற்றினாள்.

"சுருட்டைக்குச் சொல்லிட்டேன், பையை எடுத்துட்டு வருவா. இதுக்குத்தானே அன்னைக்கே சாவியை அவகிட்ட குடுத்தேன். நீங்க என்கூட இருப்பீங்க, கடை பூட்டியிருக்கும். அப்ப யார் சாவி எடுத்துத் தர்றது?"

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னை ஒதுக்குவதற்காகக் கேட்ட சாவி இல்லை அது. தன்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காகக் கேட்ட சாவி.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. சுருட்டை.

"அக்கா, சாவி திரும்பவே மாட்டேங்குது. உங்ககிட்ட வேற ஏதாவது இருக்கா? நான் அங்க வந்து உங்க கடைச் சாவியை வாங்கிக்கறேன். எதை எடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

சொல்லலாம். பழுப்புத் துணி கட்டினதை எடு என்றால் போதும். ஆனால் சொன்ன நிமிஷமே குட்டு வெளிப்பட்டுவிடும். சுருட்டைக்குத் தெரியும், காதருகே படுத்திருக்கும் நர்ஸுக்கும் தெரியும். மற்றவர் யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, அந்தச் சுருட்டைக்கா?

"உனக்கு அடையாளம் தெரியாது. நானே வரேன்" என்றாள்.

"போகாதீங்கக்கா" என்றாள் நர்ஸ். "இதோ போனேன், வந்தேன்னு வந்துடறேன்" என்று விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு எழுந்தாள். ஆட்டோவில் வழி நெடுக, வலி எடுத்துக் கொஞ்ச நேரம்தானே ஆகிறது, முதல் பிள்ளை மெதுவாகத்தான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடை வாசலில் சுருட்டை ஸ்கூட்டரோடு நின்றாள். பூட்டைத் திறந்ததும் தையல்காரியின் கை தேடவே இல்லை, நேராகப் பழுப்புத் துணிக்குப் போனது. சுருட்டை அந்தச் சாவியைப் பார்த்தாள். தன் கையில் இருந்த நீலத் துணியைப் பார்த்தாள். அதைக் கைக்குள் மூடிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். மூன்று மாடி ஏறினார்கள், கதவு சமர்த்தாகத் திறந்தது, பையையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

பை பெரியது. ஸ்கூட்டரின் பின்சீட்டில் கட்டினால் அங்கே ஆள் உட்கார முடியாது. வந்த ஆட்டோ போய்விட்டது. சந்தைக்கு லாரிகள் வரும் நேரம், வேறு ஆட்டோ கண்ணுக்கு எட்டின தூரம்வரை இல்லை. சுருட்டை அவள் முகத்தைப் பார்த்து நின்றாள், தானாகக் கிளம்பவில்லை. டாக்டரம்மா ஃபைல் கேட்டது தையல்காரிக்கு நினைவு வந்தது. "நீ முன்னால போ. அவ தனியா இருக்கா" என்றாள். அவள் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

பஸ் பிடித்து, நெரிசலில் நின்று, அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தாய்க்கும் குறையில்லை, குழந்தைக்கும் குறையில்லை. பெண் குழந்தை. சுருட்டையின் கையில் இருந்தது. தையல்காரி தைத்த போர்வைக்குள், எவளோ ஒருத்தியின் மார்பில் கன்னத்தை அழுத்திக்கொண்டு தூங்கியது.

"சிஸ்டர் முதல்ல இவ கையிலதான் குடுத்தாங்க" என்றாள் நர்ஸ், களைத்துப்போன சிரிப்போடு. "நீங்க வரவரைக்கும் கீழ விடவே மாட்டேன்னுட்டா. பாவம் இவ, சாவியைத் தொலைச்சது நான்தான், வேற எதையோ எடுத்துட்டுப் போய் நின்னேன், அக்காவை வீணா அலைய வெச்சுட்டேன்னு ஒரே அழுகை."

தையல்காரி சுருட்டையைப் பார்த்தாள். அவள் கண் உண்மையாகவே சிவந்திருந்தது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு எழுந்து வந்து, தலையைப் பார்த்துப் பிடிங்க அக்கா என்று சொல்லி, குழந்தையை நீட்டினாள். தையல்காரி வாங்கிக்கொண்டாள். கை மாறியதும் அது வீறிட்டு அழுதது.

நான்தான் செய்தேன் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. வெட்கமாக இருந்தது. நன்றிகூட வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, குழந்தையைத் தட்டிக்கொண்டு நிற்கும்போது, இந்த நல்ல மனசும் இவளுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.