தலையீற்றுக் கிடா

ஹெப்சிபா அந்தக் கிடாக்குட்டியைப் பிறந்த நாளிலிருந்து பின்பக்கமாக நின்றுதான் பார்த்துவந்தாள். முன்னால் நின்றால் எல்லாக் குட்டியும் அழகுதான். நெற்றியிலிருந்து மூக்குவரை இறங்கும் இரண்டு வெள்ளைக் கோடுகளும் நீண்ட கறுத்த உடம்பும் கன்னி இன ஆட்டுக்கே உள்ளவை. அதில் மயங்கித்தான் ஊரில் பாதிப் பேர் உதவாத கிடாவைத் தொழுவத்தில் கட்டித் தீனி போட்டார்கள்.

இந்தக் குட்டியின் பின்னங்கால்கள் அகன்று, முளை அடித்தது மாதிரி நேராக நின்றன. நடக்கையில் முட்டியோடு முட்டி உரசவில்லை. குளம்புக்கு மேலே கணு தொய்யவில்லை. விதை இரண்டும் ஒரே பருமனில், ஒன்றுபோல இறங்கியிருந்தன. உதட்டைப் பிதுக்கிப் பார்த்தாள். கீழ்ப்பல் மேல் ஈறில் சரியாகப் போய் உட்கார்ந்தது. இதெல்லாம் ஒரு பக்கம். வைகாசியில் ஆற்றங்கரைப் புல் கருகி மற்றக் குட்டிகள் வயிறு ஒட்டித் திரிந்தபோது, இது உடைமர நெற்றைப் பொறுக்கித் தின்றே எலும்பு விட்டு வளர்ந்தது. அதைத்தான் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு இப்படி ஒரு கிடா வேண்டியிருந்தது. தொழுவத்து ஆடுகள் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துவந்தன. ஈற்றுக்கு இரண்டு போட்ட ஆடுகளின் பேத்திகள் ஒற்றைக் குட்டியோடு, அதற்கும் பால் காணாமல் நின்றன. காரணத்தைத் தேடி அவள் எங்கும் போக வேண்டியதில்லை. ஒரு ஆடு போடும் முதல் ஈற்றுக் குட்டி கோயிலுக்கு என்பது மாமனார் காலத்து நேர்ச்சை. மிச்சத்தில் நல்ல கிடாக்களைப் பக்ரீத்துக்கு வியாபாரி பிடித்துப்போவான். யாரும் வேண்டாம் என்று விட்ட சவலைதான் பெட்டைகள் மேல் ஏறியது.

இந்தக் கிடாவும் தலையீற்றுதான். பார்க்கலாம், எப்படியாவது பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அதற்குள் புருஷன் தேவசிகாமணி முந்திக்கொண்டார். அரிசி ஆலையில் மூட்டை தூக்கி முதுகு போன மனுஷன். இப்போது சபைக் கமிட்டியில் இருந்தார்.

"அறுப்பின் பண்டிகைக்கு நம்ம கிடாக்குட்டியக் குடுக்கோம்னு சபை குரூப்ல போட்டுட்டேன்" என்று போனை நீட்டினார்.

படத்தில் முகம் மட்டும்தான் இருந்தது. அந்த மட்டுக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

"வேற ஒண்ணக் குடுப்போம். இத நான் பெட்டைகளுக்கு விடலாம்னு இருக்கேன்."

"ஏட்டி, கர்த்தருக்கு நேந்ததுல பேரம் பேசுதியா? பழுதில்லாததத்தான் குடுக்கணும்."

"பழுதில்லாததெல்லாம் குடுத்துக் குடுத்துத்தான் தொழுவத்துல பழுது மட்டும் நிக்கி."

"ஏலத்துல எடுத்துக்கிடலாம்னு கணக்குப் போடாத. குடுத்த வீடு ஏலம் கேக்கக் கூடாது."

"எனக்கும் தெரியும். நீரு சாப்பிடும்."

மறுநாள் கன்னடியன் கால்வாய் ஓரம் கருத்தையாவைத் தேடிப் போனாள். அவன் கார் நெல் அறுப்பு முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுகிறவன். செம்மறிகளோடு அவளுடையதைப் போலக் கன்னி ஆடுகளும் வைத்திருந்தான். முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"பண்டிகை ஏலத்துல எங்க கிடாவ உன் பேருல எடுத்துக் குடு, கருத்தையா. ரெண்டு நாள் உன் கிடையில நிக்கட்டும். பொறவு நான் பைய ஓட்டிட்டுப் போயிருதேன்."

"எதுக்குக்கா? அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கையில வளந்த குட்டி. பாசம்."

கருத்தையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "பாசமா? போன வருசம் கால் ஒடிஞ்ச குட்டிய மத்தியானமே கொழம்பு வச்சவ நீ."

"எடுத்துத் தருவியா, மாட்டியா?"

"தாரேன் தாரேன். கோவப்படாத."

பண்டிகையன்று மழை விட்டு விட்டுப் பெய்தது. கோயில் வளாகத்துப் பந்தலில், காணிக்கையாக வந்த பூசணி, வாழைத்தார், கோழி, மரக்கால் நெல் எல்லாம் ஏலம் போயின. கடைசியில் ஆடுகள். பெர்லின்தான் ஏலம் கூறினான். கோயில் பொருளாளர் மகன்; மைக்கைக் கையில் கொடுத்தால் இறக்கமாட்டான். வெளியூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். பத்தமடையில் கறிக்கடை வைத்திருக்கும் முஹ்சின் வருஷம் தவறாமல் வருவார்.

ஹெப்சிபா ஒரு ஆட்டின் வாயைப் பிதுக்கினால் அந்த ஆட்டுக்கு விலை ஏறும் என்பது சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். அதனால் அன்று அவள் ஆட்டுப் பக்கம் போகவில்லை. சபைக்கெல்லாம் போடும் அசனச் சாப்பாட்டுக்கு உள்ளி உரிக்கும் பெண்களோடு, ஏலத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பெர்லின் கிடாவை இழுத்து நிறுத்தினான். "தேவசிகாமணி அண்ணாச்சி வீட்டுத் தலையீத்து! பாருங்க மூஞ்சிய, மாப்பிள்ள மாதிரி இருக்கான்!"

யாரோ கேட்டார்கள். கருத்தையா ஏற்றிக் கேட்டான். அவ்வளவில் முடிந்திருக்கும். ஆனால் முஹ்சின் கிடாவைப் பார்க்காமல் உள்ளிக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், வெங்காயமா வேணும்?" என்று பெர்லின் மைக்கிலேயே கேட்டான்.

"இல்லப்பா. ஹெப்சிபாம்மா ஏலத்துக்கு முதுகக் காட்டி உக்காந்து இன்னைக்குத்தான் பாக்குதேன். அவங்க வீட்டு ஆடு வேற. அப்ப இதுல என்னமோ இருக்கு." சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார்.

பந்தல் சிரித்தது. ஹெப்சிபா உரித்த உள்ளியையே மறுபடி உரித்தாள். முஹ்சின் கேட்க, கருத்தையா கேட்க, அவள் கொடுத்திருந்த பணத்தைத் தாண்டி விலை போயிற்று. அங்கே நிறுத்துவான் என்று நினைத்தாள். அவன் நிறுத்தவில்லை. முஹ்சின்தான் உதட்டைப் பிதுக்கிக் கையை இறக்கினார்.

இருட்டுமுன் கருத்தையா அவள் பணத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தான்.

"கோவிச்சிக்கிடாதக்கா. உன் துட்டு பத்தல. என் துட்டுல எடுத்தேன். கிடா எங்கிட்டயே நிக்கட்டும்."

"நான் சொல்லித்தானல எடுத்த?"

"நீ சொன்னதாலதான் எடுத்தேன்." அதில் அவனுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. தேவசிகாமணி வீட்டுக்குள் இருந்ததால் அவளால் சத்தம் போடவும் முடியவில்லை.

சித்திரை பிறந்தது. அவளுடைய ஆடு ஒன்று பருவத்துக்கு வந்து வாலை ஆட்டிக்கொண்டு விடியற்காலையிலிருந்து கத்தியது. அவிழ்த்துக் கருத்தையாவின் கிடைக்கு ஓட்டிப் போனாள்.

கிடா தனியாகக் கட்டிக் கிடந்தது. முன்னால் மக்காச்சோளமும் புண்ணாக்கும். கழுத்து தடித்து, வயிறு பக்கவாட்டில் பிதுங்கியிருந்தது. பின்னால் போய் நின்றாள். கால்கள் அப்படியேதான் இருந்தன. இன்னும் கொஞ்ச நாள் இதே தீனி போனால் அந்தக் கால்களும் கெடும்.

"எப்படி ஏத்திட்டேன் பாத்தியா?" என்றான் கருத்தையா. "பக்ரீத்துக்கு முஹ்சின் பாய் கேட்டிருக்காரு. நாளக்கழிச்சு வண்டி வருது."

"பெட்டைக்கு விட்டியா?"

"விட்டா எளச்சிருமுல்லா? எடை போயிருமே."

ஹெப்சிபா தன் ஆட்டைப் பார்த்தாள். இதற்கு மட்டும் கிடாவை ஒரு தடவை விடச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். கிடாவோ பெட்டையோ, ஒற்றையோ, ஆடு என்ன போடுமோ தெரியாது. அவள் தொழுவம் ஒரு குட்டியில் நிமிர்ந்துவிடாது.

"இங்கன வா" என்றாள். "பின்னால வந்து நில்லு. மூஞ்சியப் பாக்காத."

ஒவ்வொன்றாகக் காட்டினாள். கணுவைத் தொடச் சொன்னாள். விதையைக் கையில் ஏந்திப் பார்க்கச் சொன்னாள். அவன் சிரித்தான், பிறகு சிரிக்காமல் பார்த்தான். பிறகு தானே எழுந்து போய், தன் கிடையில் பெட்டைகளுக்கு விட்டிருந்த கிடாவின் பின்னால் நின்றான். அதன் முட்டிகள் இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன.

"சே" என்றான்.

"இத அறுத்தா பாய்க்கு ஒரு நாள் யாவாரம். வச்சிருந்தா உன் கிடையே வேறயா ஆவும். சோளத்த நிறுத்து. மேய விடு."

கருத்தையா போனை எடுத்து முஹ்சினிடம் வண்டி வேண்டாம் என்றான். அந்தப் பக்கம் என்னவோ சத்தம் கேட்டது. வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா. பாசம் கீசம்னு என்னத்தையோ சொன்ன."

"அன்னைக்குச் சொன்னா உனக்குன்னே எடுத்துக்கிடுவன்னுதான் சொல்லல."

அவன் யோசித்தான். "அதுவும் சரிதான்."

கயிற்றை அவிழ்த்தான். கிடா ஆட்டின் பின்னால் முகர்ந்து, மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்தது.

"இதோட தாய் இல்லையே இது?"

"தாய்க்கு மகன விடுவனால? இது வேற வழி."

"எத்தனாவது ஈத்து?"

"ரெண்டாவது" என்றாள் ஹெப்சிபா, ஆட்டின் கழுத்தைத் தொடையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு. "தலையீத்துக் கெடேரியும் ஒண்ணு கத்திக்கிட்டுத்தான் கெடக்கு. கோயிலுக்குப் போற குட்டிக்கு எங்க வீட்டுச் சவலையே போதும்."