ஆகாயத்துக்குக் கட்டிய சவரப்பெட்டி

எமிலியா சவரப்பெட்டியை ஏழாவது தடவையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏழு என்பது அவளுடைய கணக்கு. கற்பிட்டிக் கடைத்தெருவில் கேட்டால் எழுபது என்றிருப்பார்கள். அந்தக் கரையில் எந்த எண்ணைக் காற்றில் விட்டாலும், உப்புப் படிவதுபோல அதன் பின்னால் ஒரு சுழியம் படிந்துவிடும்.

அவளுடைய அப்பா இன்னாசிப்பிள்ளை அன்று மத்தியானம் லொறியில் கொழும்புக்குப் போய், மறுநாள் இரத்மலானையில் ஆகாயக் கப்பல் ஏறி மெட்ராசில் இறங்கவிருந்தார். வெள்ளைக்காரனே இலங்கையை விட்டுப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. அந்தப் பெட்டியைப் பற்றிக் கற்பிட்டியில் ஒருவரும் அலட்டிக்கொள்ளவில்லை. இன்னாசிப்பிள்ளையின் பெட்டியைப் பற்றித்தான் ஊரே கதைத்தது. முக்கியமாக, அதற்குள் போகவேண்டிய சவரக்கத்தியைப் பற்றி.

மேலே போகப் போகக் காற்று மெலியும், வாசனைத் தண்ணீர்ப் போத்தலை முட்ட ஊற்றினால் வெடித்துப் பக்கத்து ஆளின் கண்ணைக் குருடாக்கும் என்று எச்சரித்தார் உபதேசியார் மரியநாயகம். சவரச் சவர்க்காரம் அங்கே பாண் மாவுபோலப் பொங்கும் என்றார் வெதுப்பகத்து ரஸாக். இரண்டு பேரும் தென்னைமரத்துக்கு மேலே போனதில்லை. உபதேசியார் தென்னைமரத்திலும் ஏறியதில்லை.

எல்லோருக்கும் மேலான வாக்கு முத்தலிபு ஒஸ்தாவுடையது. பள்ளிவாசல்துறை நாவிதர் அவர். யுத்த காலத்தில் பாலாவி விமானத் திடலில் வெள்ளைக்காரர்களுக்குச் சவரம் செய்தவர். அவர் மழித்த கன்னங்களை வரிசையில் வைத்தால் வரிசை சிலாபம் தாண்டி முன்னேஸ்வரத்துக் கோயில் வாசலில் போய் முட்டும். அவர் சொன்னதுதான் கடைசித் தீர்ப்பு:

"கத்திய மடியில வெச்சிக்கிட்டுப் போவ ஏலா புள்ள. இரும்பு கிட்ட வந்தா திசகாட்டி முள்ளு கிறங்கிப் போவும். மெட்ராசுக்குப் போறது பர்மாவுல போய் நிக்கும். எண்ணெய்ச் சீலையில சுத்திப் பெட்டிக்கு அடியில வெய்."

எமிலியா எண்ணெய்ச் சீலையில் சுற்றினாள். கத்தி, தோல் வார், தூரிகை, படிகாரக் கல், சவர்க்காரம், ஒரு சின்னக் கண்ணாடி. மூடியை அடைத்து மீன்கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினாள். முடிச்சுப் போட்டாள். பிறகு, கண்ணாடி உடைந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவிழ்த்தாள்.

கண்ணாடிக்கு ஒன்றும் வராது. முடிச்சைப் போட்டதும் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று அவள் தனக்குத்தானே சத்தியம் செய்திருந்தாள். அதனால்தான் முடிச்சு நிற்கவில்லை.

அந்தக் கத்தி ஆறு வருஷமாக எவர் முகத்திலும் பட்டதில்லை. கரைவலைக் கயிறு இழுத்து இழுத்து இன்னாசிப்பிள்ளையின் விரல்கள் மடங்காமல் போன காலத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால் அவரை மழித்துவிடுவது மூத்தவன் வின்சன்டின் வேலை. வின்சன்ட் மலாயாவுக்கு, ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கந்தோருக்கு, கிளார்க்காகப் போனான். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. கடிதங்கள் நின்றன. இன்னாசிப்பிள்ளை தலவில் அன்னம்மாள் கோயிலுக்கு நடந்தே போய் நேர்த்தி வைத்தார்: மகன் திரும்பி வந்து, இதே கத்தியால், அவன் கையாலேயே வழித்துவிடும்வரை தாடிக்கு எவரும் கிட்ட வரக்கூடாது. தாடி நெஞ்சுக்கு இறங்கியது. வயிறுவரை என்பவர்களும் உண்டு. அதில் சிட்டுக்குருவி கூடு வைத்ததை நேரில் கண்டதாகச் சத்தியம் பண்ணுகிற இரண்டு பேர் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

ஆவணியில் சிங்கப்பூர்க் கந்தோர் ஒன்றிலிருந்து இங்கிலீசில் ஒரு கடிதம் வந்தது. வீட்டில் இங்கிலீஸ் தெரிந்தது கொன்வென்டில் படித்த எமிலியாவுக்கு மட்டும்தான். நாலு வரி. சியாமில் ரயில்பாதை போட்ட முகாமில், நாற்பத்து மூன்றாம் ஆண்டில், வாந்திபேதியில். அடக்கம் செய்த இடம் தெரியாது. அன்று அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தார். அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். விடியும்வரை போதும், விடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்து, அண்ணன் சுகமாக இருக்கிறாராம் என்றாள். எங்கே என்றார். மெட்ராசுக்குக் கப்பலில் வருவாராம் என்றாள். எப்போது என்றார். மார்கழியில் என்றாள்.

விடிந்தபோது அந்தப் பொய் அவளுடையதாக இல்லை. அப்பா இருட்டோடு எழும்பிக் கரைக்குப் போயிருந்தார். நெஞ்சு நோவு போன இடம் தெரியவில்லை. கரையிலிருந்து அந்தப் பொய் கடைத்தெருவுக்குப் போனது, அங்கிருந்து கோயிலுக்கு. அடுத்த ஞாயிறு நன்றிப் பூசையே வைத்துவிட்டார்கள். அம்மா மக்தலேனா அண்ணனின் கட்டிலை வெளியே போட்டு மூட்டைப்பூச்சிக்கு வெந்நீர் ஊற்றினாள். மார்கழி தூரத்தில் இருக்கிறது, அதற்குள் சொல்லிவிடலாம் என்று எமிலியா இருந்தாள். ரயிலும் தோணியும் மாறிப் போனால் கப்பலைத் தவறவிட்டுவிடுவேன் என்று அப்பா கரைவலைப் பங்கை விற்று ஆகாயச் சீட்டு வாங்கினார்.

இரத்மலானையில் பெட்டியோடு ஆளையும் தராசில் ஏற்றி நிறுப்பார்களாம். வின்சன்டுக்குப் பிடித்த இனிப்பு, தொதல், ஒரு தகரம் கொண்டுபோகவேண்டும் என்பதற்காக இன்னாசிப்பிள்ளை மூன்று கிழமையாக இராச் சாப்பாட்டை விட்டார். தகரத்தின் பாரத்தைத் தன் உடம்பில் குறைத்துக்கொண்டாராம். ஊர் அதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தது. எமிலியா மட்டும் சோற்றுக் கோப்பையைத் திரும்ப எடுத்துப்போய்ப் பூனைக்குக் கொட்டினாள்.

இப்போது அவர் முன்னறையில், கோட்டும் சப்பாத்துமாக, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். லொறிக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் இருந்தது. எமிலியா எட்டாவது முடிச்சைப் போட்டாள். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"அப்பா," என்றாள்.

"கத்தியத் தீட்டித்தானே வெச்ச?" என்றார் அவர். "அவனுக்குக் கை பழக்கம் விட்டிருக்கும். மொட்டக் கத்தியெண்டா வெட்டிப்போடுவான்."

"ஓம் அப்பா. அப்பா, நான் ஒண்டு சொல்லவேணும்."

அவர் சரி சொல்லு என்பதுபோலத் தலையைச் சாய்த்தார். சாய்த்த தலை நிமிரவில்லை. தாடி கோட்டுப் பொத்தானில் மெல்ல இறங்கிப் படிந்தது. அவள் பெட்டியைப் பிடித்தபடியே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. வழியனுப்ப வந்தவர்கள் வாசலில் சிரித்துக்கொண்டு செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

வழியனுப்ப வந்த கூட்டமே செத்தவீட்டுக் கூட்டமாக உட்கார்ந்துவிட்டது. அப்படி ஒரு வசதி கற்பிட்டியில் அதற்கு முன்னும் பின்னும் எவருக்கும் வாய்த்ததில்லை. பயணத்துக்கென்று வெளுத்த வேட்டி கட்டி வந்த ஆண்கள் அதே வேட்டியோடு பிரேதத்தைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். உபதேசியார் செபத்தை முடித்துக்கொண்டு, நாடியைக் கட்டுவதற்கு முன் முகத்தை மழிக்கவேண்டும் என்று மெதுவாக ஞாபகப்படுத்தினார். தாடியோடு ஒருவரையும் பெட்டியில் வைக்கிற வழக்கம் அந்தக் கரையில் இல்லை. வாசல் ஓரமாக நின்ற முத்தலிபு ஒஸ்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

அதுவரை சுவரில் சாய்ந்திருந்த மக்தலேனா எழும்பிக் கட்டிலுக்குக் குறுக்கே நின்றாள்.

"ஒருத்தரும் தொடப்படாது," என்றாள். "நேர்த்திக் கடன். என்ட மகன் வந்து வழிப்பான்."

அவளே எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணினாள். மெட்ராஸ் துறைமுகத்துக்குத் தந்தி அடிக்கவேண்டும். தகப்பன் ஏறாத ஆகாயக் கப்பல் திரும்பி வரும்போது மகன் அதில் ஏறி வருவான். நாளைக்கு, பிந்தினால் நாளை மறுநாள். அதுவரைக்கும் பிரேதத்தை எடுக்க விடமாட்டாள். புத்தளத்திலிருந்து ஐஸ் கொண்டுவரச் சொன்னாள். ஐஸ் பாலாவி தாண்டுவதற்குள் தண்ணீராகிவிடும் என்று ரஸாக் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, சைக்கிளை எடுக்கப் போனார். உபதேசியார் ஒரு கடதாசியையும் பென்சிலையும் எமிலியாவின் கையில் கொடுத்தார்.

"நீதானே இங்கிலீஸ் படிச்சனி. எழுது பிள்ளை," என்றாள் அம்மா. "அப்பா போயிட்டார், உடன வா எண்டு எழுது."

எமிலியா பென்சிலைப் பிடித்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். அண்ணனின் பெயரை எழுதினாள். அதற்குக் கீழே விலாசம் எழுதவேண்டும். பென்சில் அங்கே நின்றது. வெயில் ஏறிவிட்டது. அறையில் இரண்டு ஈக்கள் வந்திருந்தன. ஒன்று தாடிக்குள் போனது. அம்மா பனையோலை விசிறியால் அதை விரட்டினாள். அது வேறு பக்கத்தால் போனது. அம்மா திரும்ப விரட்டினாள்.

எமிலியா பென்சிலை வைத்தாள். பெட்டியை எடுத்து மீன்கயிற்றை அவிழ்த்தாள். அடுப்படிக்குப் போய் வெந்நீர் வைத்தாள். அது சுடும்வரை அடுப்புக்கு முன்னால் நின்றாள்.

தண்ணீர்ச் சட்டியோடு அவள் திரும்பி வந்ததைக் கண்டதும் முற்றத்தில் கதை நின்றது. முத்தலிபு ஒஸ்தா அவளைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். தோல் வாரை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டிக் கத்தியைத் தீட்டினார். பெருவிரலில் கூர் பார்த்துவிட்டு, பிடியை அவள் பக்கமாகத் திருப்பி நீட்டினார். பிறகு கத்தரிக்கோலைக் கொடுத்தார். முதலில் அதால் குறைக்கவேண்டும் என்று சைகையால் காட்டினார்.

எமிலியா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தாடியைப் பிடித்து வெட்டினாள். அம்மாவின் விசிறி நின்றது.

"என்ன செய்யுற? அது அண்ணன்ட வேலையெல்லோ."

"ஓம் அம்மா," என்றாள் எமிலியா. வெட்டுவதை நிறுத்தவில்லை.

அம்மா எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நல்ல பிடி. வலை இழுத்த வீட்டுப் பெண்ணின் பிடி. எமிலியா கையை இழுக்கவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கத்தரிக்கோலின் வாய் திறந்தபடி இருந்தது.

"அந்தக் கடிதத்தில," என்று தொடங்கினாள் அம்மா. அதற்கு மேல் கேட்கவில்லை.

"நாலு வரிதான் அம்மா."

வாசலில் நின்ற ஒருவர் இருமினார். அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாக மணிக்கட்டிலிருந்து கழன்றன. அவள் ஜன்னலைப் பார்த்தாள், மேசையில் கிடந்த கடதாசியைப் பார்த்தாள். உபதேசியார் போய் அதை நாலாக மடித்து அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டார். யாரோ ரஸாக்கை நிறுத்துவதற்காகத் தெருவில் ஓடினார்கள்.

எமிலியா தூரிகையை நனைத்து நுரை பூசினாள். கத்தியைக் கன்னத்தில் வைத்தாள். தோல் தளர்ந்து கத்தியோடு கூடவே வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. மூன்றாம் தடவை அம்மா கட்டிலின் மறுபக்கம் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தாடைக்குக் கீழே கொடுத்துத் தோலை மேலே இழுத்துப் பிடித்தாள்.

"இப்பிடி," என்றாள். "அவன் இப்பிடித்தான் பிடிக்கிறவன்."

கத்தி தண்ணீரில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளை மயிர் சட்டியில் மிதந்தது. ஒரு கன்னம் வெளியே வந்தது, பிறகு மற்றது, பிறகு நாடி. ஆறு வருஷமாக வெயில் படாமல், மூன்று கிழமையாகச் சோறு இல்லாமல், அந்த முகம் ஒட்டி, வெளிறி, வயது குறைந்து கிடந்தது. நாடியின் நடுவில், வின்சன்டுக்கு இருந்ததுபோலவே, ஒரு குழி இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

எமிலியா ஈரச் சீலையால் நுரையைத் துடைத்தாள். தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் ஓடியது. அம்மா அந்தத் தலையை இரண்டு கையாலும் எடுத்துத் தன் மடியில் ஒருபக்கமாகச் சாய்த்தாள். சேலைத் தலைப்பைத் திரிபோல முறுக்கிக் காதுக்குள் விட்டு மெதுவாகத் திருகி எடுத்தாள். பிறகு தலையை மறுபக்கம் சாய்த்தாள்.

"தண்ணி நிண்டா காது குத்தும்," என்றாள்.